கடைசி நாள் கடந்த அறிவிப்பை யார் அகற்றுவது?

வேலைவாய்ப்புச் செய்திகளை வெளியிடும் ஒரு சிறிய இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். “விண்ணப்பிக்கக் கடைசி நாள்: மார்ச் 31” என்று அதில் ஓர் அறிவிப்பு. ஏப்ரல் 10ஆம் தேதி ஒருவர் தேடுபொறி வழியாக அந்தப் பக்கத்துக்கு வருகிறார். அறிவிப்பு நேற்றுப் போட்டதுபோலப் பளிச்சென்று இருக்கிறது. தகுதிகளைப் படித்து, சான்றிதழ் நகல்களைத் திரட்டி, படிவத்துக்கான இணைப்பை அழுத்தும்போதுதான் எல்லாம் முடிந்துபோனது தெரிகிறது. தளத்தைச் சபித்துவிட்டுப் போகிறவர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

தளத்தை நடத்துபவர் சோம்பேறி அல்லர். புதிய அறிவிப்பைப் போடும் வேலை தானாகவே நினைவுக்கு வரும். போடாவிட்டால் வாசகர் கேட்பார். பழையதை எடுக்கும் வேலையை யாரும் நினைவூட்டுவதில்லை. அதனால்தான் இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கிறார்கள். ஓர் இடுகையை எழுதும்போதே அது எப்போது காலாவதியாக வேண்டும் என்று குறித்துவிடுவது, நேரம் வந்ததும் அது தானாக மறைவது. கேட்பதற்கு ஒரே வேலைபோலத் தெரியும் இது, உண்மையில் இரண்டு வேலைகள். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

தேதி பார்ப்பது வேறு, துப்புரவு வேறு

மருந்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. காலாவதியான மருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மருந்தை எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் தேதியைப் பார்ப்பது. இரண்டு, மாதம் ஒருமுறை யாராவது அலமாரியைக் குடைந்து, தேதி கடந்தவற்றைத் தனியே எடுத்துவைப்பது. நல்ல கடையில் இரண்டும் நடக்கும். இரண்டாவதை மட்டும் நம்பும் கடையில், மாதத்தின் நடுவே காலாவதியான மருந்து அடுத்த துப்புரவு வரை விற்பனையில் இருக்கும்.

மென்பொருளிலும் இதே இரண்டு வழிகள்தான். பக்கத்தைக் காட்டும் நேரத்தில் தேதியைப் பார்த்து முடிவெடுப்பது முதல் வழி. தரவுத்தளத்திடம் “வெளியிடப்பட்ட இடுகைகளைக் கொடு” என்று கேட்பதற்குப் பதிலாக, “வெளியிடப்பட்டவற்றில், காலாவதி நேரம் இன்னும் வராதவற்றை மட்டும் கொடு” என்று கேட்பது. அவ்வளவுதான், கூடுதலாக ஒரு நிபந்தனை. இதில் எந்தப் பணியும் பின்னணியில் ஓட வேண்டியதில்லை. நேரம் கடந்த நொடியிலேயே இடுகை மறைந்துவிடும்; ஆனால் தரவுத்தளத்தில் அது அப்படியே கிடக்கும்.

திட்டமிட்ட பணி என்பது இரண்டாவது வழி. குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு சிறு நிரல் எழுந்து, தேதி கடந்த இடுகைகளைத் தேடி, அவற்றின் நிலையை மாற்றிவிட்டு மறுபடி உறங்கப்போகும். மணிக்கொருமுறை ஓடும் பணி என்றால், 10:01க்குக் காலாவதியாகும் இடுகை 11 மணி வரை கண்ணில் படும்.

இடுகைகளை எழுதி வெளியிட உதவும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களில் இவ்விரு வழிகளையும் பார்க்கலாம். ஜூம்லாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் வெளியீடு தொடங்கும் நேரம், முடியும் நேரம் என்று இரண்டு கட்டங்கள் ஆரம்பம் முதலே உண்டு. கட்டுரையைக் காட்டும்போதே அது அந்த நேரங்களைச் சரிபார்க்கிறது. வேர்ட்பிரஸ் வேறு மாதிரி. எதிர்காலத்தில் ஒரு நாளில் வெளியாகும்படி இடுகையைத் திட்டமிட அதில் வசதி உண்டு. ஆனால் ஒரு நாளில் தானாக விலகும்படி சொல்ல அதன் மூல மென்பொருளில் இடமே இல்லை. அதற்கு ஒரு பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள், போட வேண்டும். நெடுநாள் ‘போஸ்ட் எக்ஸ்பைரேட்டர்’ என்ற பெயரில் அறியப்பட்டு, இப்போது ‘பப்ளிஷ்பிரஸ் ஃபியூச்சர்’ எனப்படும் பிளகினைப் பலர் பயன்படுத்துகிறார்கள். உலகின் இணையதளங்களில் பெரும்பங்கைத் தாங்கும் ஒரு மென்பொருள், வாசலைத் திறக்க மட்டும் பூட்டுச் சாவி கொடுத்துவிட்டு மூடுவதற்குக் கொடுக்காமல் விட்டது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

நிமிடத்துக்கு ஒருமுறை எழும் காவலாளி

திட்டமிட்ட பணி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கிரான் என்ற மென்பொருள். 1979இல் வெளியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. அதன் வேலைமுறை மிக எளிது: நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்து, இந்த நிமிடத்துக்கு உரிய பணி ஏதாவது இருந்தால் ஓட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வது. இன்று லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும் வடிவத்துக்கு அடித்தளம், பால் விக்ஸி 1987இல் எழுதிய பதிப்பு. நடுவில் எத்தனையோ மாற்றங்கள் வந்தும் பட்டியலின் அடிப்படை எழுத்துமுறை மாறவில்லை.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து கட்டங்கள் வரும்: நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், வாரத்தின் நாள். அவற்றுக்குப் பின் ஓட்ட வேண்டிய கட்டளை. நட்சத்திரக் குறி போட்டால் “எதுவாக இருந்தாலும் சரி” என்று பொருள்.

0 * * * *

இது ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஓடும்.

*/15 * * * *

இது கால் மணிக்கு ஒருமுறை.

30 2 * * 0

இது ஞாயிறுதோறும் அதிகாலை 2:30க்கு. வாரத்தின் நாள்களில் ஞாயிறு 0, திங்கள் 1 என்று எண்ணிக்கை போகும்.

இந்த எழுத்துமுறையில் ஒரு பொறி இருக்கிறது. ‘0 9 13 * 5’ என்று எழுதினால், 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக இருக்கும் நாளில் மட்டும் காலை 9 மணிக்கு ஓடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி ஓடாது. மாதத்தின் நாள், வாரத்தின் நாள் ஆகிய இரண்டு கட்டங்களிலும் எண் கொடுத்துவிட்டால், ஏதாவது ஒன்று பொருந்தினாலே கிரான் பணியை ஓட்டிவிடும். ஆகவே அது எல்லா 13ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளிக்கிழமையும் ஓடும். மற்ற கட்டங்கள் எல்லாம் “இதுவும் அதுவும்” என்று இணையும்போது இவை இரண்டு மட்டும் “இதுவோ அதுவோ” என்று இணைவது பழைய வழக்கம். இனி யாரும் மாற்றத் துணியமாட்டார்கள்.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இன்னோர் இடம்: கையால் ஓட்டினால் சரியாக ஓடும் நிரல், கிரான் வழியாக ஓட்டும்போது ஓடாது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நீங்கள் சர்வருக்குள் நுழையும்போது உங்கள் கணக்குக்கான அமைப்புகள் எல்லாம் ஏற்றப்படுகின்றன. கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் தேட வேண்டும் என்பதும் அதில் அடக்கம். கிரானுக்கு அந்தச் சொகுசு இல்லை. அது வெறுங்கையோடு எழுகிறது. எனவே கிரான் பட்டியலில் எதைக் குறிப்பிட்டாலும் முழு முகவரியோடு எழுதுவதே பாதுகாப்பு.

ஆள் வந்தால்தான் விழிக்கும் கடிகாரம்

கிரானை அமைக்க சர்வரின் மீது ஓரளவு உரிமை வேண்டும். பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் மலிவாக இடம் வாங்கியவர்களுக்கு அந்த உரிமை எப்போதும் கிடைப்பதில்லை. இந்தத் தடையைத் தாண்ட வேர்ட்பிரஸ் 2007இல் வெளியான 2.1 பதிப்பில் ஓர் உபாயம் கொண்டுவந்தது. கிரானைப் போலவே அதற்குள்ளும் ஒரு பணிப் பட்டியல் இருக்கும். ஆனால் பட்டியலைப் பார்க்க நிமிடத்துக்கு ஒருமுறை எழும் ஆள் யாரும் இல்லை. தளத்துக்கு யாராவது வரும்போது, அந்த வருகையைச் சாக்காக வைத்து, நேரம் கடந்த பணி ஏதாவது காத்திருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஓட்டும். ட்ரூபல் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளிலும் இதே பாணியில் ஒரு வசதி உண்டு. இயல்பாக 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதுவும் ஒரு வருகையின் முதுகில் ஏறித்தான் அது ஓடும்.

உபாயம் சாமர்த்தியமானதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். நள்ளிரவு 12 மணிக்கு ஓர் இடுகை காலாவதியாக வேண்டும். இரவில் யாரும் வராத சிறிய தளம். காலை 7 மணிக்கு முதல் வாசகர் வருகிறார். அவருடைய வருகைதான் பணியை எழுப்புகிறது. பணி பின்னணியில் தனியாக ஓடுகிறது. அதற்குள் அவருக்குப் பழைய பக்கம் பரிமாறப்பட்டிருக்கக்கூடும். அதாவது காலாவதியை நிகழ்த்துபவரே காலாவதியான இடுகையைப் பார்த்துவிடுகிறார். திட்டமிட்ட இடுகை நேரத்துக்கு வெளியாகாமல் தங்கிவிடும் புகாருக்கும் பெரும்பாலும் இதுதான் மூலம்.

பெரிய தளங்களுக்கு எதிர்த்திசையில் தொல்லை. ஒவ்வொரு வருகையிலும் பட்டியலைப் பார்ப்பது வீண் சுமை. இரண்டுக்கும் ஒரே மருந்து: வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, வருகையோடு பணியை ஓட்டும் வழக்கத்தை நிறுத்திவிடலாம். பிறகு சர்வரின் உண்மையான கிரானைக் கொண்டு, ஐந்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேர்ட்பிரஸின் பணிப் பட்டியலைத் தட்டி எழுப்பலாம். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தங்கள் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே இதற்கு இடம் வைத்திருக்கின்றன. முதல் வரியை மட்டும் சேர்த்துவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டால், எந்தப் பணியும் எப்போதும் ஓடாது. இந்த அரைகுறை நிலையில் பல தளங்கள் ஆண்டுக்கணக்கில் கிடப்பதுண்டு.

தயாரித்து வைத்த நிலையான பக்கங்களால் ஆன தளங்களின் கதை இன்னும் வேடிக்கை. ஹியூகோ என்ற மென்பொருளில் ஒவ்வொரு இடுகையின் தலைப்பகுதியிலும் காலாவதித் தேதி எழுத முடியும். ஆனால் அந்தத் தேதி பார்க்கப்படுவது தளத்தை மறுபடி உருவாக்கும் நேரத்தில் மட்டும். நீங்கள் ஒரு மாதம் எதையும் உருவாக்காமல் இருந்தால், காலாவதித் தேதி எழுதியதும் எழுதாததும் ஒன்றே. அதனால் தினமும் தளத்தைத் தானாக உருவாக்கும் ஒரு திட்டமிட்ட பணி தேவைப்படுகிறது. பலர் இதற்கு, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பின் இலவச வசதியை நாடுகிறார்கள். நல்ல வழிதான், ஆனால் எல்லோரும் பார்க்கும்படி அங்கே வைத்த பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால், அங்கே திட்டமிட்ட பணிகள் தானாக நிறுத்தப்பட்டுவிடும். எவரும் தொடாத தளத்துக்குத்தானே தானியங்கித் துப்புரவு அதிகம் வேண்டும்!

மார்ச் 31 என்றால் எத்தனை மணி?

இனி வருவதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. பணி சரியாக ஓடுகிறது, தேதியும் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் இடுகை தவறான நேரத்தில் மறைகிறது. எப்படி?

“கடைசி நாள் மார்ச் 31” என்று மனிதர் சொன்னால், அந்த நாள் முழுவதும் விண்ணப்பிக்கலாம் என்று மற்ற மனிதருக்குப் புரியும். கணினியிடம் நேரம் குறிப்பிடாமல் மார்ச் 31 என்று கொடுத்தால், பெரும்பாலான மென்பொருள்கள் அதை மார்ச் 31 நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது அந்த நாள் பிறக்கும் கணம். விளைவு: கடைசி நாள் தொடங்கும்போதே அறிவிப்பு மறைந்துவிடும். கடைசி நாளில்தான் பலர் விண்ணப்பிக்க வருவார்கள் என்பதை நினைத்தால், இது ஏப்ரல் 10 வரை அறிவிப்பு நீடிப்பதைவிட மோசமான பிழை. 23:59 என்று எழுதுவது ஒரு தீர்வு. அதிலும் கடைசி ஒரு நிமிடம் இடிக்கும். ஏப்ரல் 1, 00:00 மணிக்குக் காலாவதி என்று சேமிப்பதே தெளிவு. வாசகருக்குக் காட்டும் தேதி மார்ச் 31, கணினிக்குக் கொடுக்கும் எல்லை ஏப்ரல் 1இன் தொடக்கம்.

அடுத்தது, எந்த ஊர் நள்ளிரவு? சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் (UTC) ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. சர்வரின் கடிகாரப்படி நள்ளிரவில் காலாவதியாகும் இடுகை, நம் ஊரில் விடியற்காலை 5:30 வரை இருக்கும். தளத்தின் கால வலயத்தை சென்னை நேரமாக அமைத்திருந்தும் கிரான் மட்டும் சர்வரின் நேரத்தில் ஓடுவதும் சகஜம். ‘0 0 * * *’ என்று நள்ளிரவுப் பணி எழுதிவிட்டு, அது காலைக் காப்பி நேரத்தில் ஓடுவதைக் கண்டு குழம்புபவர்கள் பலர். இந்திய நள்ளிரவில் ஓட வேண்டுமென்றால், உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் 18:30. கிரான் மொழியில் ‘30 18 * * *’. ஆண்டில் ஒருநாள் மட்டும் ஓடும் பணி என்றால், தேதியையும் ஒன்று குறைத்து எழுத வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

சேமிக்கும்போது உலகப் பொது நேரம், காட்டும்போது வாசகரின் நேரம் என்பது இதற்கான பொது மரபு. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு இடுகைக்கும் இரண்டு நேரங்களையுமே தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. ஐந்தரையைக் கூட்டியோ கழித்தோ நீங்களே நிரலில் எழுதிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். இலங்கையைப் பாருங்கள்: 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஆறரை ஆக்கினார்கள்; அதே ஆண்டு அக்டோபரில் ஆறாக்கினார்கள்; 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பினார்கள். பத்தே ஆண்டுகளில் மூன்று மாற்றம். நிரலில் வெறும் எண்ணாக எழுதிவைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் தேடித் திருத்தியிருக்க வேண்டும். கால வலயத்தின் பெயரைக் கொடுத்துவிட்டால், இந்த வரலாற்றையெல்லாம் வைத்திருக்கும் தரவுத்தொகுப்பு கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் சர்வர் உள்ளூர் நேரத்தில் ஓடினால் இன்னொரு கூத்து. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி வந்ததும் கடிகாரம் 3க்குத் தாவும். அன்று 2:30 என்ற நேரமே கிடையாது. நவம்பர் முதல் ஞாயிறு 1:30 இருமுறை வரும். கிரானின் சில பதிப்புகள் இதைக் கவனித்துச் சரிசெய்கின்றன, சில கவனிப்பதில்லை. சர்வரை உலகப் பொது நேரத்திலேயே விட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

‘இன்று’ என்று கேட்காதீர்கள்

பணியின் உள்ளே இருக்கும் கேள்வியை எப்படி எழுதுவது என்பதில் ஒரு சிறிய வேறுபாடு பெரிய விளைவைத் தரும். தினமும் ஓடும் பணிதானே என்று, “இன்று காலாவதியாகும் இடுகைகளை எடு” என்று எழுதுவது இயல்பாகத் தோன்றும். ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று பணி ஓடவில்லை. மறுநாள் பணி எழுந்து மறுநாளுக்கு உரியதை மட்டும் தேடும். விடுபட்ட நாளின் இடுகைகளை இனி யாரும் தேடமாட்டார்கள்; அவை சாகாவரம் பெற்றுவிட்டன.

“காலாவதி நேரம் இப்போதைய நேரத்துக்கு முன்னதாக இருந்து, இன்னும் வெளியீட்டு நிலையிலேயே இருப்பவற்றை எடு” என்று கேட்டால், ஒரு வாரம் ஓடாமல் இருந்து எட்டாம் நாள் ஓடினாலும் பணி பாக்கியை எல்லாம் தீர்த்துவிடும். இப்படி எழுதப்பட்ட பணியை இருமுறை அடுத்தடுத்து ஓட்டினாலும் கெடுதல் இல்லை: இரண்டாம் முறைக்குச் செய்ய எதுவும் மிச்சமிருக்காது. ‘ஓட்டிப் பார்க்கலாமா, ஏதாவது ஆகிவிடுமோ’ என்ற பயமின்றி எந்த நேரமும் ஓட்டக்கூடிய பணிதான் நல்ல பணி. எப்போதும் இயங்காத கணினிகளில், தவறவிட்ட பணியைப் பிறகு ஓட்டித் தரும் அனாக்ரான் போன்ற கருவிகளும் உண்டு. கேள்வி சரியாக இருந்தால் அவற்றின் தேவையும் குறையும்.

ஒவ்வொரு இடுகைக்கும் தனித்தனியே ஒரு பணியைத் திட்டமிடுவதா, எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்க ஒரே பணியை வைப்பதா என்ற கேள்வியும் இங்கே வரும். தனித்தனி என்றால் நேரம் துல்லியமாக இருக்கும். ஆனால் கடைசி நாளை ஏப்ரல் 15 வரை நீட்டித்தார்கள் என்று இடுகையைத் திருத்தும்போது, பழைய பணியை ரத்து செய்யவும் வேண்டும். மறந்தால் நீட்டிக்கப்பட்ட அறிவிப்பு பழைய தேதியிலேயே காணாமல்போகும். ஒரே பணியாக வைத்தால் திருத்தத்தைப் பற்றிய கவலையே இல்லை. அது ஒவ்வொரு முறையும் இடுகையில் அப்போது எழுதியிருக்கும் தேதியைத்தான் பார்க்கும். சிறிய தளத்துக்கு என் வாக்கு இதற்கே.

துப்புரவுப் பணி தாமதமாகும் என்பதைப் பெரிய தரவுத்தளங்களே மறைப்பதில்லை. மாங்கோடிபியில் ஆவணங்களுக்கு ஆயுள் குறிக்கலாம். அவற்றை நீக்கும் பின்னணிப் பணி 60 நொடிக்கு ஒருமுறைதான் ஓடும். அமேசானின் டைனமோடிபியில் காலாவதியான பதிவு உண்மையில் நீங்கச் சில நாள்கள்கூட ஆகலாம் என்று அதன் ஆவணங்களே சொல்கின்றன. அதுவரை படிக்கும்போது வடிகட்டிக்கொள்ளுங்கள் என்பது அவர்களின் அறிவுரை. ரெடிஸ் இரண்டையும் சேர்த்தே செய்கிறது: கேட்கும்போது காலாவதியானதா என்று பார்க்கும், யாரும் கேட்காதவற்றைப் பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாக மாதிரி எடுத்து நீக்கும். வாசகருக்கு எது தெரிய வேண்டும் என்பதைப் படிக்கும் நேரத்துத் தேதிச் சோதனை தீர்மானிக்கிறது. திட்டமிட்ட பணி இடத்தை ஒழுங்குபடுத்துகிறது. உங்கள் தளத்தில் இரண்டில் ஒன்றுக்குத்தான் வசதி என்றால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

நீக்குவதா, முத்திரை குத்துவதா?

காலாவதியான இடுகையை என்ன செய்வது என்பது தொழில்நுட்பத்தைவிடப் பத்திரிகை நடத்தும் கலையைச் சேர்ந்தது. அடியோடு நீக்கலாம், வரைவு நிலைக்கு மாற்றலாம், ‘முடிந்தவை’ என்ற பகுதிக்கு நகர்த்தலாம், அல்லது மேலே “விண்ணப்பக் காலம் முடிந்தது” என்று ஒரு பட்டை மட்டும் ஒட்டலாம். வேலைவாய்ப்பு அறிவிப்புக்குக் கடைசி வழியே சிறந்தது என்பது என் கருத்து. சென்ற ஆண்டு என்ன தகுதி கேட்டார்கள், எத்தனை இடம் இருந்தது என்று பார்க்க அடுத்த ஆண்டு ஆள் வரும். கடையின் தள்ளுபடி அறிவிப்புக்கு அந்த ஆயுள் தேவையில்லை, அதை எடுத்துவிடலாம்.

நீக்கினால், அந்த முகவரிக்கு வருபவர்களுக்கு என்ன சொல்வது? சர்வர் பதிலோடு அனுப்பும் குறியீடுகளில் 404 என்ற எண் “இங்கே எதுவும் இல்லை” என்று மட்டும் சொல்லும். 410 “இருந்தது, வேண்டுமென்றே எடுத்துவிட்டோம்” என்று சொல்லும். தேடுபொறிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வழி உண்டு: இந்தத் தேதிக்குப் பிறகு இந்தப் பக்கத்தைத் தேடல் முடிவில் காட்டாதே என்று பக்கத்துக்குள்ளேயே எழுதும் குறிப்பை கூகுள் 2007இலேயே அறிமுகப்படுத்தியது. வேலை அறிவிப்புகளைத் தேடுபொறி புரிந்துகொள்ளப் பக்கத்துக்குள் எழுதும் கட்டமைப்புக் குறிப்பில் ‘எதுவரை செல்லும்’ என்பதற்கென்றே ஒரு புலம் இருக்கிறது. இவை வாசகர் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே வேலை செய்பவை என்பதால் தவறவிடாதீர்கள்.

உடனே அழிக்க அஞ்சுபவர்கள் வேர்ட்பிரஸின் குப்பைத்தொட்டியைப் பயன்படுத்தலாம். அதில் போட்டது 30 நாளுக்குப் பின்தான் நிரந்தரமாக நீங்கும். அதையும் தினம் ஒருமுறை ஓடும் ஒரு திட்டமிட்ட பணியே செய்கிறது.

இடையில் கேச் என்ற ஆசாமி ஒருவர் நிற்கிறார். தளம் வேகமாகத் திறக்க, ஒருமுறை தயாரித்த பக்கத்தை அப்படியே எடுத்துவைத்து அடுத்தடுத்து வருபவர்களுக்குக் கொடுப்பவர். தரவுத்தளத்தில் இடுகை மறைந்துவிட்டாலும், கேச் வைத்திருக்கும் நகல் அதன் ஆயுள் தீரும்வரை வாசகருக்குப் போய்க்கொண்டே இருக்கும். படிக்கும் நேரத்தில் தேதி பார்க்கும் வழியையும் இது முறியடித்துவிடும், ஏனென்றால் நிரல் ஓடினால்தானே தேதி பார்க்கும்? காலாவதிப் பணி நிலையை மாற்றும்போதே அந்தப் பக்கத்தின் கேச் நகலையும், முகப்பின் கேச் நகலையும் சேர்த்து நீக்க வேண்டும். முகப்பை மறப்பவர்கள்தான் அதிகம்.

ஓடாத பணி சத்தம் போடாது

திட்டமிட்ட பணி பிழையோடு ஓடினால் பதிவேட்டில் ஏதாவது எழுதும். ஓடவே இல்லையென்றால் எதுவும் எழுதாது. சர்வர் மாற்றியபோது கிரான் பட்டியலை எடுத்துச்செல்ல மறந்திருப்பார்கள். பிளகினைப் புதுப்பித்தபோது பணி பட்டியலிலிருந்து விழுந்திருக்கும். பழைய இடுகைகள் மெல்லச் சேர்ந்துகொண்டே போகும்; ஒரு வாசகர் புகார் சொல்லும்வரை தெரியாது.

இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ்களில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவச அமைப்பு குறுகிய ஆயுளுள்ள சான்றிதழ்களையே வழங்குகிறது; நெடுநாள் அந்த ஆயுள் 90 நாளாக இருந்தது. அங்கே காலாவதியை யாரும் நிகழ்த்த வேண்டியதில்லை. பிரவுசர் ஒவ்வொரு முறையும் தேதியைப் பார்க்கிறது. திட்டமிட்ட பணிக்கு அங்கே உள்ள வேலை புதுப்பிப்பது. அந்தப் பணி நின்றுபோனால், சான்றிதழின் ஆயுள் முடிந்ததும் தளமே சிவப்பு எச்சரிக்கையோடு நிற்கும், ஒரே மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். நம் இடுகைப் பணி நின்றுபோனால் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே நம் பணிக்குத்தான் கூடுதல் கண்காணிப்பு வேண்டும். எளிய வழி, பணி ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும் நேரத்தை ஓரிடத்தில் எழுதிவைப்பது. நிர்வாகப் பலகையின் மேலே “கடைசியாக ஓடியது” என்று அதைக் காட்டுவது. வெளிக் கண்காணிப்புச் சேவைகளும் உண்டு: உங்கள் பணி ஓடி முடித்ததும் வழக்கமாகத் தரும் ‘ஓடிவிட்டேன்’ என்ற தட்டல் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அவை மின்னஞ்சல் அனுப்பும்.

எல்லாம் அமைத்த பிறகு சோதித்துப் பாருங்கள். ஒரு சோதனை இடுகை போட்டு, பத்து நிமிடத்தில் காலாவதி குறியுங்கள். நிர்வாகியாக உள்நுழைந்த நிலையில் பார்க்க வேண்டாம். பல தளங்கள் உள்நுழைந்தவர்களுக்கு கேச் நகலைக் கொடுப்பதில்லை, வரைவையும் காட்டிவிடும். பிரவுசரின் தனிச் சாளரத்தில், வாசகரைப் போல, மூன்று இடங்களில் பாருங்கள்: இடுகையின் நேரடி முகவரி, முகப்புப் பட்டியல், தளத்தின் தேடல். மூன்றிலும் மறைந்ததா என்று குறித்துக்கொண்டு, அடுத்து காலாவதித் தேதியை நாளைக்கு மாற்றி, இடுகையை மறுபடி வெளியிட்டு, பழைய பணி அதைத் தவறுதலாக எடுத்துவிடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.